கிளினிக் கொப்பி யாருடைய கையில்?

1998 நவம்பர் 15ஆம் திகதி, டில்லி அப்பலோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிரம்பாத ஓர் ஆண் குழந்தைக்குத் தகப்பனின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். பித்தநாளம் அடைபட்ட நிலையில் பிறந்த குழந்தை அது. இந்தியாவில் வெற்றிபெற்ற முதலாவது குழந்தை ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை அதுதான். அந்தக் குழந்தை, சஞ்சய் கந்தசாமி, வளர்ந்து தானே வைத்தியரானார்.

ஆகவே, ஈரல் மாற்றிய பிள்ளை வளர்ந்து ஆளாகுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. ஆளாகும் வயதில் யார் கவனிப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஈரல் மாற்றியவர்களில் குளிசையைத் தவறவிடுவோர் பதின்ம வயதினரிடையேதான் அதிகம் என்பது உலகெங்கும் வைத்தியர்கள் கண்ட உண்மை. சத்திரசிகிச்சை ராகமவில் நடந்திருந்தாலும் சென்னையில் நடந்திருந்தாலும், வீடு யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவிலோ நயினாதீவிலோ என்றால் கடலும் கணக்கில் சேர்கிறது. தீவகத்து வீடுகளில் எழக்கூடிய சில நம்பிக்கைகளையும் அவற்றுக்கான பதில்களையும் பார்ப்போம்.

நம்பிக்கை: “ஈரல் மாத்திப் பத்து வருசமாச்சு. உடம்பு அதைத் தன்ர ஈரலாக்கியிருக்கும். இனிக் குளிசையைக் குறைக்கலாம்.”

உண்மை: எத்தனை ஆண்டு போனாலும் பெரும்பாலானோரின் நோயெதிர்ப்புச் சக்திக்கு அது அந்நிய ஈரல்தான். டக்ரோலிமஸ் போன்ற குளிசைகள் அந்த எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கின்றன. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெற்றோரின் ஈரலைப் பெற்று நல்ல நிலையில் இருந்த 20 பிள்ளைகளுக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. 12 பேருக்கு நிறுத்த முடிந்தது. பின்னர் 88 பேரைக் கொண்டு நடத்திய ஆய்விலோ 33 பேர்தான் தேறினார்கள். அதுவும் தேர்ந்தெடுத்த பிள்ளைகள், அடிக்கடி இரத்தப் பரிசோதனை, ஈரலில் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதனை என்ற காவலோடு. வீட்டில் தானாக நிறுத்திப் பார்ப்பவருக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை.

நம்பிக்கை: “பிள்ளை நல்லாத்தானே இருக்கு. பந்தடிக்கிறான், சாப்பிடுறான். ஏதும் எண்டால் செங்கமாரி வரும்தானே, அப்ப பாப்பம்.”

உண்மை: செங்கமாரி கண்ணில் தெரியும்போது ஈரலில் பாதிப்பு அநேகமாக முற்றியிருக்கும். உடல் ஈரலை நிராகரிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. முதலில் இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளின் அளவுதான் ஏறும். சிலருக்கு அதுவும் சீராக இருக்க, உள்ளே ஈரல் மெல்லத் தழும்பேறும். கிளினிக் என்பது வருத்தம் வந்தபின் போகிற இடமில்லை. வருத்தம் தெரியுமுன் அதைப் பிடிக்கிற இடம்.

நம்பிக்கை: “கிளினிக் நாளிலும் காலமைக் குளிசையைப் போட்டிட்டுத்தான் படகேற வேணும்.”

உண்மை: டக்ரோலிமஸ் அளவைப் பார்க்கும் நாளில் காலைக் குளிசைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். நாளுக்கு இருமுறை போடுபவருக்கு, முந்தைய குளிசை போட்டு 12 மணித்தியாலம் ஆகும் நேரத்தில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கணக்கு. விடியப்புறம் நெடுந்தீவில் படகேறி, குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும் பிள்ளை வீட்டிலேயே குளிசையைப் போட்டுவிட்டால், இரத்தத்தில் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி வைத்தியர் மருந்தைக் குறைத்தால் கெடுதல் பிள்ளைக்கு. குளிசையைச் சட்டைப்பையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்ததும் போட வேண்டும். முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் போட்டது என்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

காற்றுக் காலத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். சோளகமோ வாடையோ கடுமையாக வீசி, வடதாரகை, குமுதினிப் படகுகள் கட்டிக் கிடக்கும் நாள்கள் உண்டு. கையில் எப்போதும் இரண்டு கிழமைக்கான குளிசை மேலதிகமாக இருக்க வேண்டும். பாமசியில் வேறு கம்பனிக் குளிசையைத் தந்தால் வைத்தியரிடம் கேட்காமல் மாற்றக்கூடாது. டக்ரோலிமஸில் நாளுக்கு ஒருமுறை போடும் வகையும் இருமுறை போடும் வகையும் ஒன்றுக்கொன்று பதிலாகாது.

நம்பிக்கை: “கீழ்காய்நெல்லி ஈரலுக்கு நல்லதுதானே. பனங்கள்ளும் சாராயமில்லை, ஒரு பிளா குடிச்சால் ஒண்டும் செய்யாது.”

உண்மை: மூலிகைச் சாறுகள் குளிசையோடு எப்படி மோதும் என்பது பலவற்றுக்கு இன்னும் அளந்து பார்க்கப்படவில்லை. கேட்காமல் குடிக்கக்கூடாது. கறிக்குப் போடும் மஞ்சளால் கவலையில்லை, மஞ்சள் குளிசையாக வந்தால் வேண்டாம். பம்பளிமாஸ் பழம் டக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் ஆகியவையும் ஏற்றும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கும். நாரி வலிக்கு வாங்கும் டைக்குளோபெனாக், டக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கள்ளிலும் மதுசாரம் உண்டு. அதோடு அது காய்ச்சாத, உயிருள்ள நுண்கிருமிகளோடு வரும் பானம். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்புக்கு அது இரட்டைக் கேடு.

நம்பிக்கை: “எல்லாம் அம்மா பாத்துக்கொள்ளுவா.”

உண்மை: கிளினிக் அறையில் வைத்தியர் கேட்கிறார் என்று வையுங்கள். “தம்பி, இரவில எத்தனை மில்லிகிராம் போடுறீர்?” பதினேழு வயதுத் தம்பி தாயைத் திரும்பிப் பார்க்கிறார். “அவனுக்கு என்ன தெரியும் டொக்டர், நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்.” அந்தப் பதிலில் இருப்பது அத்தனையும் அன்புதான். ஆனால் அடுத்த வருடம் அதே தம்பி யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அறை எடுத்துப் படிக்கப் போவார். இரவு எட்டு மணிக்குக் குளிசையோடு தாய் அங்கே நிற்கமாட்டார்.

பொறுப்பைப் பன்னிரண்டு வயதளவில் கைமாற்றத் தொடங்குங்கள். முதலில் தன் வருத்தத்தின் பெயரையும் குளிசையின் பெயரையும் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். பதினான்கில், வாரத்துக்கான குளிசைகளைப் பெட்டியில் பிள்ளையே அடுக்கட்டும், தாய் சரிபார்க்கட்டும். பதினாறில், கிளினிக்கில் முதல் பத்து நிமிடம் வைத்தியரோடு தனியே பேசட்டும். தாயின் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அந்த வயதில் இருக்கும்.

நம்பிக்கை: “பதினெட்டு வந்தால் பெரியாக்களின்ர கிளினிக்குக்குக் கடிதம் தருவினம். அவ்வளவுதான்.”

உண்மை: கடிதம் கடைசிப் படி. பெரியவர்களின் ஈரல் கிளினிக்கில் மதுவாலும் கொழுப்பாலும் வைரஸாலும் ஈரல் கெட்டவர்களே அதிகம். கைக்குழந்தையில் பித்தநாளம் அடைபட்ட கதை அங்கே அடிக்கடி வருவதில்லை. ஆகவே கடிதத்தில் ஈரல் கெடக் காரணமான நோய், சத்திரசிகிச்சைத் திகதி, ஈரல் தந்தவர் உயிரோடு இருந்தவரா இறந்தவரா, முன்பு வந்த நிராகரிப்புகள், இப்போதைய மருந்தளவு, அண்மைய இரத்த அளவுகள், போட்ட தடுப்பூசிகள் எல்லாம் இருக்க வேண்டும். அதன் படம் பிள்ளையின் போனிலும், ஒரு பிரதி ஊர் வைத்தியசாலையிலும் இருந்தால், நடுச்சாமத்தில் காய்ச்சல் வரும்போது முதலில் பார்க்கும் வைத்தியருக்கு வழி தெரியும்.

மாறும் நாளைப் பிறந்தநாள் தீர்மானிக்கக்கூடாது. உயர்தரப் பரீட்சை நடக்கும்போதும், ஈரல் தளம்பும்போதும் மாற்றவேண்டாம். முடிந்தால், பழைய வைத்தியரின் பார்வையில் இருக்கும்போதே புதியவரிடம் ஓரிரு முறை போய் வாருங்கள்.

நம்பிக்கை: “ஈரல் மாத்தின பெட்டைக்குக் கலியாணம், பிள்ளை எல்லாம் சரிவராது.”

உண்மை: ஈரல் மாற்றிய பெண்கள் உலகெங்கும் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். திட்டமிட்டுப் பெற வேண்டும் என்பதே நிபந்தனை. மைக்கோபினோலேட் என்ற குளிசை கருவைப் பாதிக்கும். கருத்தரிக்க முன்பே வைத்தியர் அதை மாற்றிக்கொடுக்க வேண்டும். இதைப் பெட்டைக்குச் சொல்ல வேண்டிய வயது கலியாணம் பேசும் வயதில்லை. அதற்குப் பல வருடம் முன்னர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற கிளினிக்கில் கொப்பியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். வைத்தியர் கேட்கும்போது நீங்கள் வாய் திறக்காதீர்கள். பிள்ளை தடுமாறினால் தடுமாறட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தடுமாறுவதுதான் நல்லது.