ஒரு ரிங்கிட் யூனிட்டின் ஈவும் போனஸும்

விலை மாறாத யூனிட் டிரஸ்ட் என்பது, சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு யூனிட்டை ஒரே விலைக்கு விற்று, அதே விலைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிதி. தென்கிழக்காசியாவில் இதற்குப் பெயர் பெற்றவை மலேசியாவின் அமானா சஹாம் நிதிகள். 1978-இல் தொடங்கப்பட்ட பெர்மோடாலான் நாசியோனால் பெர்ஹாட் என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமான ஏஎஸ்என்பி இவற்றை நடத்துகிறது. ஒரு யூனிட் ஒரு ரிங்கிட். விற்பனைக் கட்டணமும் இல்லை, மீட்புக் கட்டணமும் இல்லை. 1990 ஜனவரியில் வந்த அமானா சஹாம் பூமிபுத்ரா (ஏஎஸ்பி) பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடியினருக்கும், மட்டுமே உரியது. 2000 ஏப்ரலில் வந்த அமானா சஹாம் மலேசியா (ஏஎஸ்எம்), அதன் உடன்பிறப்புகளான ஏஎஸ்எம் 2 வவாசான், ஏஎஸ்எம் 3 ஆகியவை எல்லா மலேசியக் குடிமக்களுக்கும் திறந்தவை.

சிங்கப்பூரில் இந்த நிதிகளைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள், உட்லண்ட்ஸ் வழியாகத் தினமும் வந்து போகும் அல்லது வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் மலேசியத் தமிழர்கள். சிங்கப்பூரில் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் இருப்பவருக்கு முதலாளி மசே நிதி கட்டுவதில்லை. ஆகவே சிராங்கூன் சாலையின் நாணய மாற்றுக் கடையில் வெள்ளியை ரிங்கிட்டாக்கி, மலேசிய வங்கிக் கணக்கு வழியாக ஏஎஸ்எம்மில் போடுவது இவர்களில் பலருக்கு ஓய்வுக்காலச் சேமிப்பாகவே ஆகிவிடுகிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள் இதை வாங்க முடியாது. "என் பெயரில் வாங்கித் தருகிறேன், ஈவைப் பிரித்துக்கொள்வோம்" என்று தேக்காவின் காப்பிக் கடையில் யாராவது சொன்னால், பணம் போட்டவருக்கு அந்த யூனிட்டில் சட்டப்படி எந்தப் பிடியும் இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுக்கொள்கிற மலேசியரும் புதிதாக வாங்கும் தகுதியை இழக்கிறார்.

ஈவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நிதியின் பணம் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் பணச்சந்தையிலும் இருக்கிறது. மேபேங்க்கின் ஆகப் பெரிய பங்குதாரரே ஏஎஸ்பி நிதிதான். நிறுவனங்கள் தரும் ஈவு, வட்டி, பங்குகளை விற்றதில் கிடைத்த லாபம் ஆகிய மூன்றும் சேர்ந்து, செலவு போக மிஞ்சியதுதான் பகிர்ந்தளிக்கக்கூடிய வருமானம். இன்னும் விற்காத பங்கின் விலையேற்றம் கணக்கில் தெரியும், கைக்கு வராது. அதனால் நல்ல ஆண்டில் நிதி எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதில்லை. மோசமான ஆண்டில் முன்பு வைத்திருந்ததை விற்றுக் கொடுக்கிறது. ஈவு விகிதம் சந்தையைப் போல் துள்ளாமல் நிதானமாக நகர்வதன் காரணம் இதுதான்.

சிங்கப்பூர் வங்கிகளில் விற்கப்படும் வழக்கமான யூனிட் டிரஸ்டில் நடப்பது வேறு. யூனிட் விலை 1.05 வெள்ளியாக இருந்து, 5 காசு ஈவு கொடுத்தால், மறுநாள் விலை 1.00 வெள்ளி. முதலீட்டாளரிடம் முன்பு இருந்ததே இரண்டு துண்டாக இருக்கிறது, அவ்வளவுதான். மாதாமாதம் ஈவு தருவதாக விளம்பரப்படுத்தப்படும் நிதிகளின் விளக்க ஏட்டில், மூலதனத்திலிருந்தும் ஈவு வழங்கப்படலாம் என்ற வரியைத் தேடிப் படிப்பவர் குறைவு. அப்படி வழங்கும்போது வருவது லாபம் அல்ல, போட்ட பணம். விலை மாறாத நிதியில் யூனிட் விலையில் எதுவும் தெரியாது என்பதால், முதலீட்டாளருக்குக் கிடைக்கும் பலன் முழுவதும் ஈவாகவும் போனஸாகவுமே வருகிறது. ஆகவே இந்த இரு வகை நிதிகளின் ஈவு விகிதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருளற்றது. சிங்கப்பூர் நிதிக்கு ஈவோடு விலை மாற்றத்தையும் சேர்த்துக் கூட்டிய பிறகுதான் ஒப்பீடு.

அறிவிக்கப்படும் விகிதம் 'யூனிட்டுக்கு இத்தனை சென்' என்று இருக்கும். யூனிட் ஒரு ரிங்கிட் என்பதால் 5 சென் என்றால் 5 விழுக்காடு. ஆனால் அது ஆண்டு முடிவில் கணக்கில் இருக்கும் தொகைக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு மாதத்திலும் கணக்கு தொட்ட ஆகக் குறைந்த இருப்பை எடுத்து, பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து வரும் சராசரிக்குத்தான் ஈவு. நடைமுறையில் அதிகப் பணம் கசிவது இந்த விதியைக் கவனிக்காததால்தான்.

ஏஎஸ்எம்மின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஒருவர் ஆண்டு முழுவதும் 10,000 யூனிட் வைத்திருக்கிறார், விகிதம் 5 சென் என்றால் ஈவு 500 ரிங்கிட். இவர் தீபாவளிச் செலவுக்காக அக்டோபர் 28-ஆம் தேதி 4,000 எடுத்து, முதலாளி தரும் போனஸ் வந்ததும் நவம்பர் 3-ஆம் தேதி திருப்பிப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வெளியே இருந்தது ஒரு வாரத்துக்கும் குறைவு. ஆனால் அக்டோபரின் குறைந்த இருப்பும் 6,000, நவம்பரின் குறைந்த இருப்பும் 6,000. பன்னிரண்டு மாதக் கூட்டல் 1,12,000, சராசரி 9,333, ஈவு 466 ரிங்கிட் 67 சென். ஒரு வாரக் கைமாற்றுக்கு 33 ரிங்கிட் போய்விட்டது. அதே 4,000-ஐ நவம்பர் 1-ஆம் தேதி எடுத்து 30-ஆம் தேதிக்குள் திருப்பிப் போட்டிருந்தால், முழு மாதம் பயன்படுத்தியும் இழப்பு 16 ரிங்கிட் 67 சென் மட்டும். எடுப்பதென்றால் மாதத் தொடக்கத்தில் எடுத்து அந்த மாதத்துக்குள்ளேயே திருப்ப வேண்டும். போடுவதென்றால் மாதக் கடைசிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். 2-ஆம் தேதி போட்ட பணம் அந்த மாதம் முழுக்கச் சும்மா கிடக்கும். சிங்கப்பூரில் சம்பளம் பெரும்பாலும் மாத இறுதியில் வருகிறது. அன்றே மாற்றி அனுப்புகிறவருக்கும், நல்ல விலைக்காக ஒரு வாரம் காத்திருந்து அனுப்புகிறவருக்கும் ஒரு மாத ஈவு வித்தியாசம். காத்திருந்து பிடிக்கும் நாணய விலை அந்த ஒரு மாத ஈவை, அதாவது 0.4 விழுக்காட்டை, மிஞ்சினால்தான் காத்திருந்ததில் பொருள் உண்டு.

'திருப்பிப் போடுவது' என்று எளிதாகச் சொன்னாலும் மலேசிய இந்தியருக்கு அது எளிதல்ல. ஏஎஸ்எம் வகை நிதிகளில் யூனிட்டுகள் இன வாரியாகப் பிரிக்கப்பட்டவை. இப்போது ஏஎஸ்எம் 3 என்று அழைக்கப்படும் நிதி, 2009 ஆகஸ்ட்டில் அமானா சஹாம் 1மலேசியா என்ற பெயரில் 1,000 கோடி யூனிட்டுகளோடு தொடங்கியபோது பாதி பூமிபுத்ராக்களுக்கும், 30 விழுக்காடு சீனர்களுக்கும், 15 விழுக்காடு இந்தியர்களுக்கும், 5 விழுக்காடு பிறருக்கும் ஒதுக்கப்பட்டது. 2018-க்கான வரவுசெலவுத் திட்டத்தில் இந்தியர்களுக்கென்றே கூடுதலாக 150 கோடி யூனிட் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு தீர்ந்திருக்கும் நாள்களில் வாங்க நினைப்பவர், வேறொருவர் விற்றால்தான் வாங்க முடியும். மைஏஎஸ்என்பி செயலியில் 1,000 என்று அடித்துக் கிடைக்காமல், 500, 137, 20 என்று குறைத்துக்கொண்டே போகும் பழக்கம் இதனால் வந்தது. இதை எழுதுபவர் பார்த்தவரை, சிறு அவசரத்துக்காக யூனிட்டை விற்றவர்கள் பலர் அதே அளவைத் திரும்ப வாங்கப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தை சாதாரண வங்கிக் கணக்கில் தனியே வைத்துவிட்டு, மீதியை மட்டும் இங்கே போடுவதே சரி.

ஈவு ரொக்கமாக வருவதில்லை. புதிய யூனிட்டுகளாகக் கணக்கில் ஏறுகிறது. இதில் ஒரு நன்மை மறைந்திருக்கிறது: ஒதுக்கீடு தீர்ந்து வெளியே வாங்க வழியில்லாத காலத்திலும் ஈவு யூனிட்டாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துச் செலவழிப்பவர் கூட்டு வளர்ச்சியை மட்டுமல்ல, கிடைப்பதற்கரிய இடத்தையும் விட்டுக்கொடுக்கிறார்.

போனஸ் என்பது வேறு கணக்கு. இதற்குத் தெளிவான உதாரணம் ஏஎஸ்பி. தொடங்கிய 1990-ஆம் ஆண்டிலேயே ஈவு 7 சென், போனஸ் 7 சென் என்று 14 கொடுத்தது. 2012-இல் 7.75 சென்னும் 1.15 சென்னும். 2023-இல் 4.25 சென்னும் 1 சென்னும். ஈவு அந்த ஆண்டின் சராசரிக்குக் கிடைப்பது. போனஸோ நீண்ட காலமாகப் பத்து ஆண்டுகளின் மாத இருப்புச் சராசரிக்குக் கிடைத்து வந்தது. அதாவது 120 மாதக் கூட்டல் வகுத்தல் 120. ஓராண்டுக்கு முன் 12,000 போட்டவருக்குப் போனஸ் கணக்கில் இருப்பு 1,200 மட்டுமே. பத்தாண்டாக அசையாமல் வைத்திருந்தவருக்கு முழு 12,000. நீண்ட நாள் இருப்பவருக்கான வெகுமதி அது. புதிதாக வந்தவர் தலைப்புச் செய்தியில் ஈவையும் போனஸையும் கூட்டிப் போட்ட எண்ணைப் பார்த்து எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பிற்காலத்தில் இன்னொரு வரம்பும் வந்தது: 2019-இன் அரை சென் போனஸ் முதல் 30,000 யூனிட்டுகளுக்கு மட்டும். சிறு சேமிப்பாளருக்குக் கூடுதலாகவும் பெரிய கணக்குக்குக் குறைவாகவும் போக வேண்டும் என்ற கொள்கை அது, நியாயமானதும்கூட. எந்த அறிவிப்பானாலும் போனஸ் எத்தனை ஆண்டுச் சராசரிக்கு, எத்தனை யூனிட் வரை என்ற இரண்டையும் பார்த்துவிட்டே தன் கணக்கைப் போட வேண்டும்.

விலை மாறாது என்பது உத்தரவாதம் அல்ல. நிதியிடம் உள்ள சொத்தின் சந்தை மதிப்பு ஒரு யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேலும் கீழும் போகலாம்; அதை நடத்துபவர் தாங்கிக்கொள்ளும் வரைதான் விலை நிற்கும். அமெரிக்காவில் ஒரு டாலரில் நிலைநிறுத்தப்பட்டிருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட், லேமன் பிரதர்ஸ் வீழ்ந்த மறுநாள், 2008 செப்டம்பர் 16-இல், 97 சென்ட்டுக்கு இறங்கியது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் வந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம் யுஎஸ்-64. யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1964 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் யூனிட்டின் முகமதிப்பு 10 ரூபாய். விலையைச் சந்தை அல்ல, நிறுவனமே நிர்ணயித்தது. ஓய்வூதியப் பணத்தை எல்லாம் கொண்டுபோய்ப் போட்ட குடும்பங்கள் எத்தனையோ. 1990-களின் நடுவில் 26 விழுக்காடு ஈவு கொடுத்தார்கள். அது முகமதிப்புக்கான விகிதம். யூனிட்டை 14 ரூபாய்க்கு வாங்கியவருக்கு உண்மையில் கிடைத்தது 18.6 விழுக்காடுதான். கொடுத்த ஈவு சம்பாத்தியத்துக்கு மேல் போகப் போக, 1998-இல் திட்டத்தின் கையிருப்பு 1,098 கோடி ரூபாய் பற்றாக்குறையில் இருப்பது வெளியே வந்தது. 2001 ஜூலையில் யூனிட்டைத் திரும்பப் பெறுவதையே நிறுத்திவைத்தார்கள். 2002 ஜனவரியில் உண்மை மதிப்பு அறிவிக்கப்பட்டபோது அது 5 ரூபாய் 81 காசு. சிறு முதலீட்டாளர்களை அரசு கைதூக்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் அரசு வந்தது ஓட்டுக்கும் பயத்துக்கும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஏஎஸ்என்பி நிதிகள் அந்த நிலையில் இருப்பதாக இதற்குப் பொருள் அல்ல. போனஸையும் சேர்த்து ஏஎஸ்பியின் விகிதம் 2017-இன் 8.25 சென்னிலிருந்து 2019-இல் 5.50 சென்னுக்கு இறங்கியதைப் பலர் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். யுஎஸ்-64-ஐப் பார்த்தவர்களுக்கு அது நல்ல அறிகுறி. வருமானம் குறையும்போது ஈவும் குறைகிற நிதியை நம்பலாம். எது நடந்தாலும் அதே ஈவைத் தருகிற நிதியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஆண்டறிக்கையில் பகிர்ந்தளித்த தொகையையும் அந்த ஆண்டின் நிகர வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும்.

கடைசியாக, வெள்ளியில் சம்பாதிப்பவருக்கு மட்டும் உள்ள கணக்கு. 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய நாணயமும் ஒன்றுக்கு ஒன்று. 2010-இல் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 2.35 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் 3.50-ஐத் தாண்டியது. 2010-இல் 10,000 வெள்ளியை மாற்றி 23,500 ரிங்கிட்டாகப் போட்டு, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், 14 ஆண்டில் அது 49,700 ரிங்கிட்டைத் தாண்டும். பார்க்க இரட்டிப்புக்கும் மேல். 3.50 விலையில் வெள்ளிக்கு மாற்றினால் 14,200. அதே 10,000 வெள்ளி மசே நிதியின் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டுக்கு இருந்திருந்தால் 14,130. ரிங்கிட் பிறகு ஓரளவு வலுத்தது, 3.30 என்று எடுத்தால் முன்னதன் மதிப்பு 15,000-ஐத் தொடும். ஆக, ஜொகூரிலோ ஈப்போவிலோ வீடு வாங்கி, அங்கேயே ரிங்கிட்டில் வாழப் போகிறவருக்கு இது நல்ல சேமிப்பு. பிள்ளைகளைச் சிங்கப்பூரில் படிக்கவைத்து வெள்ளியில் செலவழிக்கப் போகிறவர், சேமிப்பின் பெரும்பகுதியை வெள்ளியிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி.