இரண்டு '12 வோல்ட்' பெட்டிகளும் ஒரு படகும்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தை முடித்து இரண்டு வாரம் இருக்கும். முதல் பாடவேளை தொடங்கும் முன்பே ஒரு மாணவி என் மேசை அருகே வந்து நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். "டீச்சர், செல்லைப் பக்க இணைப்புல போட்டா ரொம்ப நேரம் வரும்னுதானே சொன்னீங்க? அப்பா அப்படித்தான் போட்டாங்க. நடுக்கடல்ல ஜி.பி.எஸ். அணைஞ்சு போச்சு" என்றாள்.

எங்கள் பள்ளி நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்பகுதியில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டில் ஃபைபர் படகு உண்டு, அல்லது அதில் வேலை உண்டு. இந்தப் படகுகள் பலவற்றில் டீசல் இன்ஜினைக் கையால் சுற்றித்தான் கிளப்புவார்கள். ஆகவே இன்ஜினைக் கிளப்ப பேட்டரி தேவைப்படாது. விளக்கு, ஜி.பி.எஸ்., மீன் இருக்கும் ஆழம் பார்க்கும் எக்கோ, வயர்லெஸ் இவற்றுக்குத்தான் பேட்டரி. காலையில் கரையேறியதும் அதைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, மாலையில் திரும்பத் தூக்கி வருவார்கள். பிள்ளைகளுக்குப் பேட்டரி என்பது பாடநூல் படம் அல்ல. அவர்கள் தோளில் சுமந்த பொருள்.

அந்த மாணவியின் தந்தையிடம் பழைய ஈய அமில பேட்டரி ஒன்று இருந்தது. விளக்கு சீக்கிரமே மங்கத் தொடங்கியதால் 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றைப் புதிதாக வாங்கினார். பழையதைத் தூக்கிப் போட மனமில்லை. இரண்டிலும் '12 வோல்ட்' என்றே எழுதியிருந்தது. மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் வகுப்பில் படித்ததைச் சொல்லியிருக்கிறாள். நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் இரண்டு துண்டு ஒயரால் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். நள்ளிரவுக்கு முன்பே எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. பழைய பேட்டரி கை வைக்க முடியாத சூட்டில் இருந்ததாம். அமில வாடை வேறு. கரை விளக்குகளைப் பார்த்து ஒருவழியாகத் திரும்பியிருக்கிறார்கள்.

இதை எளிதாகக் கடந்துவிட முடியாது. எங்கள் கரைக்கு எதிரே பாக் நீரிணையில் 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு இருக்கிறது. கடல்நீரில் அந்தக் கோடு தெரியாது, ஜி.பி.எஸ். திரையில்தான் தெரியும். வயர்லெஸ் பேசாவிட்டால் புயல் எச்சரிக்கையும் வந்து சேராது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது ஏற்கெனவே கடலுக்குள் இருந்த படகுகளுக்குச் செய்தி போய்ச் சேராததன் விலையைக் குமரி மாவட்டம் அறியும்.

மாணவி சொன்னதில் தவறில்லை. தவறு என்னுடையது. கரும்பலகையில் பக்க இணைப்பை வரைந்தபோது ஒரே மாதிரியான மூன்று மின்கலங்களை வரைந்தேன். ஏன் ஒரே மாதிரி வரைகிறோம் என்று சொல்லவில்லை. 'மின் இயக்கு விசை சமமாக உள்ள, ஒரே வகையான' என்ற சொற்கள்தான் அந்தப் படத்தின் உயிர். அவற்றை விட்டுவிட்டேன். அதனால் மறுபடியும் இரண்டு பாடவேளைகள் எடுத்தேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

பெயரும் அளவும்

'12 வோல்ட்' என்பது அழைக்கும் பெயர்தான், அளந்த எண் அல்ல. ஈய அமில பேட்டரிக்குள் ஆறு கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. பாதி தீர்ந்தால் 12.2 அளவுக்கு இறங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குள் நான்கே கலங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.3 வோல்ட்; மொத்தம் 13.2. இது பெரும்பகுதி தீரும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். ஈய அமில பேட்டரியை பிளான்டே 1859இல் உருவாக்கினார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பற்றிய குட்இனஃப் குழுவினரின் ஆய்வுக்கட்டுரை 1997இல் வந்தது. ஒரே படகில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடையே 138 ஆண்டுகள்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 'விளக்கு மங்கினா கரைக்குத் திரும்பு' என்பது ஈய பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம் மங்காது. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, கலம் கெட்டுவிடக் கூடாதென்று ஒரு கட்டத்தில் மின்னோட்டத்தை வெட்டிவிடும். அதற்கு முந்தைய நிமிடம் வரை விளக்கு பளிச்சென்றே எரியும். பழைய அடையாளத்தை நம்பிப் புதிய பேட்டரியைக் கொண்டுபோனால் எச்சரிக்கை கிடைக்காது.

விளக்கே இல்லாமல் ஓடிய மின்னோட்டம்

முதலில் ஒரு கண்டிப்பு. படகு பேட்டரிகளை வகுப்பில் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டக் கூடாது. கம்பி நொடியில் பழுத்துவிடும். அவற்றின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சோதனைக்குப் பென்சில் பேட்டரிகள் போதும்.

புதிய அல்கலைன் செல் ஒன்று, பொம்மையிலிருந்து எடுத்த ரீசார்ஜபிள் செல் ஒன்று, 10 ஓம் மின்தடை ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. முதலில் தனித்தனியே அளந்தோம்: 1.6 வோல்ட், 1.3 வோல்ட். பிறகு இரண்டு நேர்முனைகளுக்கும் இடையே 10 ஓம் மின்தடையையும் மில்லி ஆம்பியர் அளவுக்கு மாற்றிய மீட்டரையும் வரிசையாக வைத்து, எதிர்முனைகளை நேரடியாக இணைத்தோம். சுற்றில் விளக்கும் இல்லை, மோட்டாரும் இல்லை. "இப்போது மின்னோட்டம் எவ்வளவு?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் "சுழி" என்றார்கள். மீட்டர் 30 மில்லி ஆம்பியரை ஒட்டிக் காட்டியது. வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பின்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சார்ஜ் போடுது!" என்று கத்தினான். நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அதுதான்.

கணக்கு ஓம் விதிதான். 1.6 கழித்தல் 1.3, அதாவது 0.3 வோல்ட், அதை 10 ஓமால் வகுத்தால் 0.03 ஆம்பியர். சில வினாடிகளில் கழற்றிவிட வேண்டும்.  ரீசார்ஜ் செய்ய முடியாத செல்லுக்குள் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பும் சோதனையை நீட்டித்தால் அது கசியலாம்.

இப்போது படகுக்கு வந்தோம். மாணவியின் தந்தை கேட்டுக்கொண்டதற்கு இணங்கி இரண்டு பேட்டரிகளையும் பள்ளி வாசலுக்கே கொண்டுவந்தார். சார்ஜ் செய்து ஓய்வில் வைத்திருந்த லித்தியம் 13.2 வோல்ட் காட்டியது. ஈய பேட்டரியும் இரவெல்லாம் சார்ஜில் கிடந்ததுதான், ஆனால் 10.6. மூடிகளைத் திறந்து மெக்கானிக்கிடம் வாங்கிய ஹைட்ரோமீட்டரால் நானே பார்த்தேன் (கண்ணாடி, கையுறையோடு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி). ஐந்து அறைகளில் மிதவை நன்றாக மிதந்தது. ஓர் அறையில் அடியில் கிடந்தது. ஒரு கலம் செத்துப்போயிருந்தது. ஐந்து கலங்கள், 2.1 வோல்ட் வீதம், 10.5. பிள்ளைகளே பெருக்கிச் சொன்னார்கள்.

வித்தியாசம் 2.6 வோல்ட். இரண்டு பேட்டரிகளின் அக மின்தடையும் ஒயரின் மின்தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், இணைத்த நொடியில் 26 ஆம்பியர் ஓடும். பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையால் அது விரைவாகக் குறையும் என்றாலும், இரவு முழுவதும் சில ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். புது பேட்டரி ஜி.பி.எஸ்.ஸுக்குக் கொடுத்ததைவிடச் செத்த பேட்டரியைச் சூடாக்கக் கொடுத்ததே அதிகம். ஜூல் வெப்ப விதியை இந்த இடத்தில் நடத்தினால் யாருக்கும் மறக்காது: மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம்.

சூட்டோடு ஆபத்தும் உண்டு. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும் ஈய பேட்டரி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வெளிவிடும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். பலகை போட்டு மூடிய அறைக்குள் பேட்டரி வைத்திருக்கும் படகுக்கு இது பொருந்தும். கடல்நீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு உண்டாகலாம். வேதியியல் ஆசிரியர் இதைத் தன் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தொடரிணைப்பில் கலந்தால் வேறு வகைத் தொல்லை. மூன்று புதிய செல்களோடு நன்றாக ஓய்ந்துபோன செல் ஒன்றைத் தொடராக வைத்து டார்ச் பல்பை எரியவிட்டு, அந்த ஓய்ந்த செல்லின் இரு முனைகளுக்கிடையே மட்டும் அளந்துபாருங்கள். மீட்டரில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் தலைகீழாகத் தள்ளுகின்றன. எல்லாச் செல்லிலும் இது வராது. இரண்டு மூன்று மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். டார்ச்சில் பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்காதே என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்கிறோமே, அதன் காரணம் இது. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் மீட்டர் இல்லாமலே, பல்பின் வெளிச்சத்தை ஒப்பிட்டுக் காட்டினால் போதும்.

பிரித்து வைத்தால்

'அப்படியானால் பழைய வகையையே ஒழித்துவிடலாமா?' என்று கேட்டான் ஒருவன். தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள ஈய பேட்டரியையும் லித்தியத்தையும் திட்டமிட்டு, உரிய ஃபியூஸ்களோடு ஒன்றாகப் பயன்படுத்துவோரும் உண்டு. அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. நம் கரைக்கு எளிய வழி, இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுப்பது.

அதற்குக் கணக்கு வேண்டும். பிள்ளைகள் வீட்டுக் கருவிகளின் பின்புறம் எழுதியிருந்ததைக் குறித்து வந்தார்கள். எக்கோவோடு சேர்ந்த ஜி.பி.எஸ். 1 ஆம்பியர், 12 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 0.4 ஆம்பியர், 12 மணி நேரத்துக்கு 4.8. பேசும்போது மட்டும் 5 ஆம்பியர்; இரவு முழுக்க 20 நிமிடம் பேசினால் 1.7. ஆக, உயிர் காக்கும் கருவிகளுக்கு 18.5. எல்.இ.டி. விளக்குகள் 1.5 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்துக்கு 15. மொத்தம் 33.5.

ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே 60 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 30 என்று கொள்ள வேண்டும். மொத்தச் சுமைக்கு அது போதாது. லித்தியத்தில் ஐந்தில் நான்கு பங்கு எடுக்கலாம். 50 என்றால் 40. ஜி.பி.எஸ்.ஸையும் வயர்லெஸ்ஸையும் லித்தியத்துக்கும், விளக்குகளை ஒரு நல்ல 60 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிக்கும் பிரித்துக் கொடுத்தால் இரண்டுமே இரண்டு இரவு தாங்குகின்றன. இந்த விடை வந்தபோது அந்த மாணவி இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள்.

அவள் தந்தை இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். செத்த பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினார். ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனைக்கும் அருகிலேயே ஒரு ஃபியூஸ். ஜி.பி.எஸ்.ஸுக்குப் போகும் ஒயரில் ஒரு மாற்றுச் சுவிட்ச். லித்தியம் திடீரென்று வெட்டிக்கொண்டால் ஈய பேட்டரிக்கு மாற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்க்கும் நிலை அந்தச் சுவிட்சில் இருக்கக் கூடாது என்று கேட்டு வாங்கச் சொன்னேன். சார்ஜரும் தனித்தனி. பழைய ஈய பேட்டரி சார்ஜர்கள் சில, தகடுகளைச் சுத்தம் செய்ய 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். லித்தியத்துக்கு அது ஆகாது.

விசைப்படகுக்குப் போகும் வீட்டுப் பையன் கேட்ட கேள்வி மிச்சமிருந்தது. அங்கே செல்ஃப் ஸ்டார்ட் உண்டு, இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும். "ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஜி.பி.எஸ். அணைஞ்சு வருதே, ஏன் டீச்சர்?" ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், அக மின்தடையால் பேட்டரி முனையில் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம், திரை அணைந்து மீளும். அங்கேயும் கருவிகளுக்குத் தனி பேட்டரிதான் வழி. அது லித்தியமாக இருந்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுக்காமல், நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வைக்க வேண்டும். அக மின்தடை குறைவான லித்தியம் ஆல்டர்னேட்டரைச் சூடேறும் அளவுக்கு உறிஞ்சும். பாதுகாப்புச் சுற்று திடீரென வெட்டினால் எழும் மின்னழுத்தம் டயோடுகளைக் கெடுக்கும். பையன் இதை நோட்டில் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை படகில் ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வருவதாகச் சொல்லிப் பள்ளி மல்டிமீட்டரை வாங்கிப் போயிருக்கிறான்.