நெற்பூவின் மகரந்தமும் சப்பி நெல்லும்

கதிர் நன்றாக வெளிவந்திருந்தும் மணி பிடியாமற் சப்பியாகிவிடுவது கமக்காரர் பலர் கண்ட நட்டமாகும். கதிர் முழுவதும் வெளுத்து, இழுத்தவுடன் கையோடு வருமாயின் அது தண்டு துளைக்கும் புழுவின் வேலை. கதிரின் கழுத்துக் கறுத்திருப்பின் எரிபந்த நோயாகும். சப்பியின் உமியிற் கபிலப் புள்ளி காணப்படின் நெல் மூட்டுப்பூச்சியைத் தேடுக. இவையொன்றுமின்றிச் சப்பிகள் கதிரெங்கும் சிதறியிருப்பின், பூத்த நாட்களில் மகரந்தம் பழுதுற்றதோ என ஆராய்தல் வேண்டும்.

ஒவ்வொரு நெற்பூவிலும் 6 மகரந்தக்கூடுகளும், இறகு போன்ற 2 குறிகளும் உள. பூவானது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் ஒரேயொரு முறை விரிந்து மூடும். கூட்டை விட்டு நீங்கிய மகரந்தம் சில நிமிடங்களே உயிர்ப்புடனிருக்கும். அதற்குள் ஏறத்தாழ 10 மகரந்தமணிகளாவது குறியில் முளைத்தாற்றான் கருக்கட்டல் தவறாது நிகழும். பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேல் ஒரு மணி நேரம் நிலைப்பினும் சப்பி பெருகும்.

எல்லா இனங்களும் ஒரே அளவிற் பாதிக்கப்படுவதில்லை. நீண்ட மகரந்தக்கூடுடைய இனங்கள் மிகுதியான மகரந்தத்தைத் தருவதால், ஒரு பகுதி கெட்டாலும் எஞ்சியது போதுமானதாகும். யப்பானின் குளிர்மிக்க ஹொக்கைடோவில் இத்தகைய இனங்கள் குளிரைத் தாங்குகின்றன. இந்தியாவின் என் 22 என்னும் இனம் வெப்பத்தைத் தாங்குவதிற் பெயர்பெற்றது. காட்டு நெல்லொன்றின் இயல்பைப் புகுத்தி, வெயில் ஏறுமுன் பூக்கும் நெல்லையும் ஆய்வாளர் உருவாக்கியுள்ளனர்.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. பூத்தல் அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாட்களுக்கு முன் நிகழும். இனத்தின் வயதைக் கொண்டு அந்நாளைக் கணித்து, அது கடும் வெப்ப நாட்களில் அமையாவண்ணம் விதைக்குக.

2. கதிர் மேலிருந்து கீழாகப் பூத்து முடிய ஒரு வாரம் வரை செல்லும். அக்காலத்தில் வயலில் நீர் வற்றவிடாதீர். நீர் குன்றாத பயிர் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும்.

3. பூக்கும் காலை வேளையில் மருந்து தெளிக்கற்க. தவிர்க்க முடியாவிடின் பிற்பகல் 3 மணிக்குப் பின் தெளிக்குக.

4. இனம், விதைத்த நாள், பூத்த நாள், சப்பியின் அளவு ஆகியவற்றைப் போகந்தோறும் குறித்து வைக்குக. உமது வயலுக்கேற்ற இனத்தைத் தெரிவதற்கு அக்குறிப்பே துணையாகும்.