வீட்டில் ரத்த அழுத்தத்தைச் சரியாக அளக்கும் முறை

உடலெங்கும் ரத்தத்தைச் செலுத்தும் இடது கீழறை, குழாய்களில் அழுத்தம் இறங்காமலே இருக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் விசையுடன் சுருங்க நேர்வதால், நாளடைவில் அதன் தசைச்சுவர் தடித்து, இடையிடையே நார்த்திசு கூடி, விறைத்துப்போகிறது. விறைத்த அறை வலுவாகச் சுருங்கினாலும் தளர்ந்து ரத்தத்தை ஏற்பதில் பின்தங்குகிறது. படியேறும்போது மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மன உளைச்சலோ அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கச் செய்து துடிப்பையும் அழுத்தத்தையும் சிறிது நேரம் உயர்த்துகிறது. ஒரு வாக்குவாதத்தில் ஏறி இறங்கும் அழுத்தத்தால் சுவர் தடிப்பதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் அழுத்தமே தடிக்கச் செய்கிறது. ஆகவே, இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும்படி அளப்பதே வீட்டு அளவீட்டின் நோக்கம்.

மேற்கையில் சுற்றும் தானியங்கிக் கருவியையே வாங்க வேண்டும்; மணிக்கட்டுக் கருவி வேண்டாம். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். முதல் நாளில் இரு கைகளிலும் அளந்து, அதிகம் காட்டும் கையையே பின்னர் பயன்படுத்த வேண்டும்.

பெரும்பாலோர் பிழை செய்வது உட்காருவதில்தான். காபி, புகை, உடற்பயிற்சி ஆகியவற்றுக்குப் பின் அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. தரையில் சம்மணமிடாமல், நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் பாதங்களைத் தரையில் பதித்து, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். அந்த 5 நிமிடமும் கைபேசி பக்கத்து அறையில் இருக்கட்டும். செய்தி பார்த்துக்கொண்டே ஓய்வெடுப்பது ஓய்வாகாது. சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. கையை மேசைமேல் வைத்து, பட்டை நடுநெஞ்சின் மட்டத்துக்கு வருமாறு, தேவையானால் தலையணை கொடுத்து உயர்த்த வேண்டும். இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே பட்டை இருந்தால் அளவு ஏறத்தாழ 7 அல்லது 8 மி.மீ. பாதரசம் கூடிவிடும்; மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்ற முடிவையே மாற்றக்கூடிய வேறுபாடு அது.

காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன்பும், இரவில் உறங்கப் போகுமுன்பும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை என 7 நாள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி காண வேண்டும். நல்ல எண் வரும்வரை பொத்தானை அழுத்தி அதை மட்டும் குறித்துவைப்பவர், மருத்துவரின் கையிலிருக்கும் ஒரே தடயத்தை அழித்துவிடுகிறார். வந்த எண்கள் அனைத்தையும் எழுத வேண்டும்.

வீட்டுச் சராசரி 135/85ஐ எட்டினாலோ தாண்டினாலோ அது உயர் அழுத்தம். மருத்துவமனையில் மட்டும் உயர்ந்து வீட்டில் இயல்பாக இருப்பின், அங்கு ஏற்படும் பதற்றம் காரணமாகலாம். இதற்கு நேர்மாறாக, மருத்துவரிடம் இயல்பாகவும் வேலை நாட்களில் உயர்ந்தும் இருக்கும் அழுத்தம் எவர் கண்ணிலும் படாமல் தசையைத் தடிக்கவைப்பதால் கூடுதல் கவனத்துக்குரியது. விடுமுறை நாளில் மட்டும் அளப்போர்க்கு அது தெரியவே தெரியாது.

குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டும்போது எக்கோ பரிசோதனை தேவையா என்றும் கேட்க வேண்டும். சுவரின் தடிப்பை அது மில்லிமீட்டரில் காட்டும், தொடர் சிகிச்சையில் அத்தடிப்பு குறையவும் கூடும். எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளவு 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ சேர்ந்திருந்தால், மறுமுறை அளந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.