திராட்சை மாவுப்பூச்சி பெருகும் ரகசியம்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருப்போருக்கு மாவுப்பூச்சியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உரிந்த பட்டைக்கு அடியிலும், கணுக்களிலும், குலைக்குள்ளும் பஞ்சு ஒட்டியதுபோல் காணப்படும். அத்தகைய குலையை வியாபாரி ஒதுக்கிவிடுவார். மருந்து அடித்த தோட்டத்திலும் இப்பூச்சி மீண்டும் பெருகுவது ஏன்? அதன் உடலுக்குள்ளே ஒரு காரணம் இருக்கிறது.

கொடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம். ஆனால் உடல் வளரவும் முட்டை உருவாகவும் வேண்டிய சில அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. இக்குறையைத் தீர்ப்பவை, பூச்சியின் உடலில் தனி உறுப்பு ஒன்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். 'டிரெம்ப்ளேயா' என்பது அவற்றுள் ஒன்று. வியப்பு என்னவென்றால், இதன் உள்ளேயே 'டூலிட்டிலியா' என்ற மற்றொரு பாக்டீரியா வாழ்கிறது. பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல! அமினோ அமிலம் தயாரிக்கும் வேலையை இவை இரண்டும் பூச்சியும் பங்கிட்டுக் கொள்கின்றன.

தாய்ப்பூச்சி இந்தப் பாக்டீரியாக்களை முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பிவிடுகிறது. சீதனத்தோடு பிறக்கும் குஞ்சு, சாற்றை மட்டுமே குடித்து வளர்ந்துவிடும். ஒரு பெண் பூச்சி தன் பஞ்சுப் பையில் சுமார் 300 முதல் 500 முட்டைகள் வரை இடுவது இதனால்தான் இயலுகிறது. இறகுள்ள ஆணுக்கு உணவு உண்ணும் வாயே கிடையாது.

"பாக்டீரியாதானே, ஆன்டிபயாடிக் தெளித்தால் என்ன?" என்று கேட்கலாம். கூடாது. பூச்சியின் உயிரணுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவை மேலே தெளிக்கும் மருந்து எட்டுவது அரிது. மனிதர் நோய்க்கு உதவும் மருந்தைத் தோட்டத்தில் கொட்டினால், நோய்க்கிருமிகள் அதற்குப் பழகிவிடும்.

யூரியாவிலும் கவனம் தேவை. தழைச்சத்து மிஞ்சினால் சாற்றில் அமினோ அமிலம் கூடும். பூச்சிக்கு அது விருந்து. மண் பரிசோதனைப்படி இடுவதே சிக்கனம்.

இப்பகுதியில் ஆண்டு முழுவதும் எங்காவது அறுவடை நடப்பதால் பூச்சிக்குப் பஞ்சமே வருவதில்லை. மல்பெரியில் 'டுக்ரா' எனப்படும் நுனிச்சுருளை உண்டாக்குவதும் இதே பூச்சிதான். எனவே பக்கத்து மல்பெரித் தோட்டத்தையும் பார்க்க வேண்டும். கவாத்து செய்தவுடன் தளர்ந்த பட்டைகளை உரித்து, கழிவுகளோடு எரித்துவிடவும். பட்டை இருக்கும்வரை தெளிப்பு மருந்து முட்டைப் பையைச் சரியாகத் தொடாது.

தேன்கழிவுக்காக எறும்புகள் மாவுப்பூச்சியைக் காவல் காக்கின்றன. தண்டில் மட்டுமின்றிப் பந்தல் கல்லிலும் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுவது நல்லது. கல்லை மறந்தால் எறும்பு அவ்வழியே ஏறிவிடும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட 'கிரிப்டோலேமஸ்' பொறிவண்டு, மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்னும். கொடிக்கு 10 வண்டுகள் விடலாம். விட்டபின் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. இந்த வண்டின் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே இருப்பதால், பலர் அதையும் நசுக்கிவிடுகின்றனர். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாய், நீண்ட மெழுகு இழைகளுடன், தொட்டால் சுறுசுறுப்பாக நகர்வது வண்டின் புழு; அதை விட்டுவிடவும்.