எலும்பும் திருகாணியும்

வரப்பில் வழுக்கி விழுந்து கால் முறிந்தவருக்கு மருத்துவர் உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் முடுக்குகிறார். வலி குறைந்ததும், “தகடுதான் இருக்கிறதே” என்று அவர் மூட்டை தூக்கப் போய்விடுவதை நாம் காண்கிறோம். இது பெருந்தவறாகும்.

தகடு எலும்பை ஒட்டுவதில்லை. வாழைக்குக் கொடுத்த முட்டுப்போல் தாங்கி நிற்பதே அதன் வேலை. ஒட்டுவது எலும்பேயாம். திருகாணி இறங்கிய துளையோரத்தில் முதலில் குருதி உறைகிறது. பின்னர் உயிரணுக்கள் சிதைந்த எலும்பைக் கரைத்துப் புது எலும்பைப் படியச் செய்கின்றன. 1950களில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரோனெமார்க், முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்ற இயலாது வியந்தார். எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருந்தது!

ஆனால் அசைவு மிகுந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவே வளரும், திருகாணி தளரும். பலகாலும் வளைத்த கம்பி ஒடிவதுபோலத் தகடும் ஒடியும். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் வேண்டும். பீடி பிடிப்போருக்கு இன்னும் தாமதமாகும் (இதனைச் சொன்னால் சிலர் நகைக்கின்றனர்). ஊன்றி நடக்கும் நாளை, படம் எடுத்துப் பார்த்து மருத்துவரே குறிக்க வேண்டும்.

தகட்டை அகற்றிய பின்னரும் துளைகள் உடனே தூர்ந்துவிடா. சில மாதங்கள் அவ்விடம் வலுக்குறைந்தே இருக்குமாதலின், அக்காலத்திலும் பளுவேலை ஆகாது.