சொட்டுவது இங்கே, ஓட்டை எங்கே?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில், வண்டி நிறுத்தும் இடத்துக்கு அடுத்தபடியாகக் குரல் உயர்வது ஒழுகும் சீலிங்குக்காகத்தான். கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் தேமல் போல ஈரம் படரும். கீழ்வீட்டுக்காரர் மாடியேறிப் போய், "உங்க பாத்ரூம்தான் சார் எங்க தலைக்கு நேர் மேல இருக்கு" என்பார். மேல்வீட்டுக்காரரும் மனமிரங்கி அந்த இடத்து டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாக ஒட்டுவார். பணம் செலவாகும், சொட்டு நிற்காது.

'நேர் மேலே' என்பதுதான் கோளாறு. ஸ்லாபுக்குள் நுழைந்த நீர் செங்குத்தாக இறங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. விரிசலும், சரியாக இறுகாத கான்கிரீட்டும் எந்தப் பக்கம் வழிவிடுகின்றனவோ அந்தப் பக்கம் போகும். உள்ளே புதைத்திருக்கும் மின்கம்பிக் குழாய்கள் கிடைத்துவிட்டால் அதற்கு ராஜபாட்டைதான். மொட்டை மாடியின் மூலையில் இறங்கிய மழை, ஹாலின் நடுவே ஃபேன் கொக்கியில் சொட்டுவது இப்படித்தான். (அப்படிச் சொட்டினால் முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஓட்டையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.)

குளியலறையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பல வீடுகளில் அங்கே 'சங்கன் ஸ்லாப்' போட்டிருப்பார்கள். தரையைத் தாழ்த்தி, குழாய்களைப் பதித்து, மேலே செங்கல் உடைசலை நிரப்பி டைல்ஸ் ஒட்டுவது. தரையில் நீர் வடியும் நஹானி டிராப்பின் இணைப்பிலும் டைல்ஸ் இடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் நீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, குழாயை யாரும் திறக்காத நாட்களிலும் கீழே சொட்டும். "நாங்க ஊர்லயே இல்லையே!" என்ற மேல்வீட்டுக்காரரின் வாதம் உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவர் வீட்டுத் தரை நல்ல தரை ஆகிவிடாது.

கைதேர்ந்த பிளம்பர் எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பதோடு, எப்போது சொட்டுகிறது என்றும் கேட்பார். இரவு பகலாக ஒரே சீராகச் சொட்டினால் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் சப்ளை குழாய் மீது சந்தேகம். குளித்தபின் கூடினால் கழிவுக் குழாய் அல்லது தரை. ஏசி ஓடும்போது மட்டும் என்றால் அதன் வடிகுழாயில் அடைப்பு இருக்கலாம். மழை மட்டும் ஏமாற்றும். மொட்டை மாடியில் போட்ட சுண்ணாம்பு, செங்கல் ஜல்லிக் கலவை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வானம் வெளுத்த பிறகும் சில நாட்கள் விட்டுக்கொண்டிருக்கும்.

சந்தேகத்தைச் சோதிக்கச் சுத்தியல் வேண்டாம். மேல்தொட்டியின் கேட் வால்வை இரவு முழுக்க மூடிவைத்து, காலையில் சொட்டு குறைந்திருந்தால் சப்ளை குழாய். குறையவில்லையா, தரை டிராப்பைத் துணியால் அடைத்து, சாயம் கலந்த நீரை 24 மணி நேரம் தேக்கிப் பார்க்கலாம். கீழே நிறம் வந்தால் வழக்கு முடிந்தது.

சுவரில் ஓதம் இல்லையென்றால் கசிவும் இல்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. தொட்டி மட்டும் மாயமாகக் காலியாகும், மோட்டார் ஓயாது. ஃப்ளஷ் டேங்கின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் நீர் சத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் வழிந்துகொண்டே இருக்கும், ஒரு சொட்டும் வெளியே தெரியாது. டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்து, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமலிருந்தால் போதும்; கிண்ணத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் ரப்பரை மாற்ற வேண்டியதுதான். எல்லாக் குழாயையும் மூடிய இரவில் மேல்தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு மட்டத்தை அளப்பதும் நல்லது. பரப்பு 1 சதுர மீட்டர் உள்ள தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 10 லிட்டர் போயிருக்கிறது.

'சொட்டுதானே' என்பவர்கள் அடியில் ஒரு டம்ளரை வைக்கட்டும். 200 மில்லி நிரம்ப 10 நிமிடம் ஆனால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 29 லிட்டர்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கீழிருந்து வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம். பெயிண்ட் கறையை மறைக்கும், நீரை நிறுத்தாது. ஈரம் ஸ்லாபுக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டை உடைக்கும். சீலிங் பொருக்குப் பொருக்காக விழத் தொடங்கும்போது பிளம்பர் போதாது, கட்டடப் பொறியாளர் வரவேண்டும்.

மறைந்திருக்கும் நீரைத் தேட விசித்திர வழிகளும் உண்டு. கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைக் கேலி செய்கிறவர்கள் பிரிட்டனையும் பார்க்கலாம். 2017-இல் சாலி லெ பேஜ் என்ற உயிரியலாளர் அங்குள்ள 12 நீர் விநியோக நிறுவனங்களை விசாரித்தபோது, ஊழியர்களில் சிலர் இன்னும் வளைகம்பியைப் பிடித்துக்கொண்டு நீரைத் தேடுவதை 10 நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அதே துறையில் உண்மையிலேயே பயன்படுவது காதில் வைத்துக் கேட்கும் நீளக் கம்பி. வீட்டிலும் ஊரடங்கிய பின் ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் குழாயிலும் பிடியைக் காதோரமும் வைத்தால் கசிவின் சீறல் கேட்கக்கூடும். பழைய இரும்புக் குழாயில் ஒலி வெகுதூரம் வரும். பிவிசி அதை விழுங்கிவிடும் என்பதால் அங்கே கேட் வால்வைத்தான் நம்ப வேண்டும்.